எட்டு வீட்டுக்கு ஒரு ரகம்

"கடைசிப் பக்கத்தைத் திறந்த கை வெளங்குமா? நல்லாருக்குமா?"

"கைய ஏன் இழுக்க? கொன்னவன் கொன்னுட்டான், செத்தவன் செத்துட்டான். நான் திறந்தாலும் அதான், நீ திறந்தாலும் அதான்!"

"ஒமக்கு முறை மத்தியானத்துக்கு மேலதான? என் புஸ்தகத்துக்குள்ள காலையிலயே ஒமக்கு என்ன சோலி?"

"கணக்கு ஒண்ணுதானம்மா. ஒன் புஸ்தகம், என் புஸ்தகம்னு பேரா எழுதி ஒட்டிருக்கு?"

இரண்டாம் மாடியில் ரோஸ்லின், மூன்றாம் மாடியில் இசக்கிராஜ். இவள் கழுத்தை மேலே நிமிர்த்தியும் அவன் கம்பிக்கு வெளியே குனிந்தும் கத்திக்கொண்டிருந்தார்கள். தரைத்தளத்தில் சண்முகக்கனி மாவு அரைக்கிற கிரைண்டரை நிறுத்தினாள். ஒரு சண்டை நடக்கும்போது அதை முழுசாகக் கேட்க வேண்டாமா? உளுந்து காத்திருக்கும். சண்டை காத்திருக்காது.

"ஏ இசக்கி! அவ புஸ்தகத்துல நீ ஏம்பா கைய வைக்க?" என்று வாசலில் நின்றே தீர்ப்பை ஆரம்பித்தாள்.

"யக்கா, நான் கடைசிப் பக்கத்த மட்டுந்தான் பாத்தேன்."

"அதத்தான் பாக்கக் கூடாதுங்கேன்!" என்று ரோஸ்லின் கையிலிருந்த டேப்லெட்டை ஆட்டினாள். "நான் திறந்தா நேரா அங்க போயி நிக்குது. இருநூறு பக்கம் நான் யார நல்லவன்னு நெனச்சுட்டு வந்தேனோ அவன் செத்துக் கெடக்கான்."

தரைத்தளத்தின் எதிர் வீட்டிலிருந்து பூவலிங்கம் வெளியே வந்தார். ஓய்வு பெற்ற துணை தாசில்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் என்பதால் பனியனோடு வாசலுக்கு வர மாட்டார். சட்டை பொத்தான் போட்டு முடிக்கும்வரை ஊர் எரிந்தாலும் எரியட்டும் என்று இருப்பவர். "சண்முகக்கனி, காலையிலே இது என்ன அமளி? நம்ம படிக்கட்டோட தகுதி என்ன?" என்று கேட்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கண்ணால் காட்டினார்.

தகுதி என்றதும் மூன்று பேரும் அடங்கினார்கள். அந்தப் படத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

படத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் அஞ்சறைப்பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு முழுவதும் இப்போது படிப்பதும் பார்ப்பதும் அஞ்சறைப்பெட்டி என்ற ஒரே சேவையில்தான். கதை, தொடர், செய்தி, கார்ட்டூன் எல்லாம் அதற்குள்ளே. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள், எதைத் திரும்ப ஓட்டுகிறீர்கள், எந்த இடத்தில் சலித்துப்போய் வெளியேறுகிறீர்கள் என்பதையெல்லாம் பெட்டி கவனிக்கும். கவனித்துவிட்டு ஆளை ஒரு ரகத்தில் போடும். பக்தியும் பொது அறிவும் பார்த்தால் மஞ்சள். காதல் என்றால் மல்லி. துப்பறிவது மிளகு. குடும்பத்தோடு சிரிப்பது சீரகம். வழக்காடுகிற நிகழ்ச்சி, மல்யுத்தம், மாமியார் மருமகள் என்றால் கடுகு. அழுகைக் கதையைத் தேடித்தேடிப் படிப்பவர் வெந்தயம்.

முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. "நீ என்ன ரகம்?" என்று பஸ்ஸில் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடும்போது கேட்டார்கள். வெந்தயம் என்று தெரிந்தால் குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை இல்லை என்றது ஓர் ஆஸ்பத்திரி. கல்யாணப் பத்திரிகையில் பட்டம் போடுகிற இடத்தில் ரகம் வந்து உட்கார்ந்தது. சாதி கேட்பது அநாகரிகம், மதம் கேட்பது அதைவிட அநாகரிகம் என்று பேசியவர்கள் கூச்சமில்லாமல் ரகம் கேட்டார்கள். பக்கத்து பிளாக் உலகம்மாளின் மகள் மஞ்சளாகத்தான் இருந்தாள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவள், பொழுது போகாமல் மல்யுத்தமாகப் பார்த்துத் தள்ளினாள். எழுந்து உட்கார்ந்தபோது கடுகு. நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த சேலையை மாப்பிள்ளை வீட்டார் மடிப்புக் கலையாமல் திரும்ப வாங்கிப் போனார்கள்.

இந்தக் கூத்து எதுவும் சண்முகக்கனியின் படிக்கட்டைத் தொடவில்லை. காரணம் சிக்கனம். வீட்டுக்கு ஒரு கணக்கு எதற்கு என்று அந்தப் படிக்கட்டின் எட்டு வீடும் சேர்ந்து சண்முகக்கனி பெயரில் ஒரே கணக்குத் திறந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும் என்பது பெட்டியின் விதி. அதனால் என்ன? குழாயடியில் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர் இது. அதே மாதிரி முறை வைத்தார்கள். முறை பிரித்துக் கொடுப்பவள் சண்முகக்கனி. ரோஸ்லினுக்கு ஒரு நேரம், இசக்கிராஜுக்கு ஒரு நேரம், பூவலிங்கம் ஐயாவுக்கு சாயங்காலம் காபிக்குப் பிறகு. அந்த நேரத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு முயல் கார்ட்டூன் பார்ப்பார். கணக்கு ஒன்றாக இருப்பதால் எட்டு வீட்டுக்கும் அது தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

பெட்டியோ இதையெல்லாம் ஒரே பெண்மணியின் ரசனை என்று எடுத்துக்கொண்டது. விடியற்காலையில் கண்ணீர், பகலில் கோர்ட்டுச் சண்டை, சாயங்காலம் முயல், நடுவில் உப்பு ரசாயனம், மீன் வலை, ஏசுவின் பாடுகள், கந்தன் பெருமை. முரணான இத்தனையும் ஒரு மனசுக்குள் சண்டை போடாமல் இருக்கிறதே என்று பெட்டி அசந்துபோய், யாருக்கும் கொடுக்காத ரகம் ஒன்றைக் கொடுத்தது: பெருங்காயம். மாநிலத்துக்கே ஒன்று. சென்னையிலிருந்து ஆட்கள் வந்து மாலை போட்டு, படிக்கட்டு முகப்பில் மின்படம் மாட்டிவிட்டுப் போனார்கள். பட்டுச் சேலையில் சண்முகக்கனி. கீழே தங்க எழுத்தில் ரகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சண்முகக்கனி பிறந்ததிலிருந்து ஒரு கதையையும் முழுசாகப் படித்தவள் அல்லள். அவளுக்குத் தேவையும் இருந்ததில்லை. மாவு வாங்க வருகிறவர்களே போதும். வழக்கத்துக்கு மேல் ஒரு கரண்டி கேட்டால் விருந்தாளி. ஒரு கரண்டி குறைத்துக் கேட்டால் வீட்டில் மனஸ்தாபம். "இந்தப் படிக்கட்டுல எனக்குத் தெரியாம ஒரு எறும்பு ஏறி எறங்காது" என்று சொல்வாள். அது பீத்தல் இல்லை, உண்மை. அன்றைக்குக் காலைவரை உண்மை.

சண்டை ஓய்ந்து ரோஸ்லின் உப்பு ஆலைக்கு வேலைக்குப் போன சற்று நேரத்தில் பால்காரர் படிக்கட்டுக்கு வந்தார். படத்தைப் பார்த்தார். சண்முகக்கனியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பாலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சைக்கிளை மிதித்தார். அவர் சும்மா போகிற ஆள் இல்லையே என்று சண்முகக்கனி வெளியே வந்து நிமிர்ந்தாள்.

தங்க எழுத்துக்குக் கீழே ரோஜா நிறத்தில் புதிதாக ஒரு வரி ஓடியது. *தற்போதைய நிலை: காதல் வயப்பட்டுள்ளார். உறுதி.*

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் தங்கமாரி மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் சமையல்காரர்; வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்.

அவள் ஒரு துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டாள். துண்டு போட்டால் ஆயிற்றா? பெருங்காயத்தின் பக்கம் மாநிலம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. முதலில் கூப்பிட்டது நாத்தனார் செல்லக்கிளி.

"மதினி, நல்லாருக்கியளா? எங்கண்ணன் அங்க உப்புத் தண்ணியில கெடக்கான். நீங்க இங்க சந்தோசமா இருக்கியளாமே."

"ஏ கிளி, பெட்டி ஏதோ ஒளறுது."

"ஒங்களுக்கு மாலை போட்டப்ப மட்டும் பெட்டி ஒளறலியோ? அன்னைக்கு எனக்கு நாலு தடவ போன் போட்டுச் சொன்னியள."

அடுத்து கடலிலிருந்தே வந்தது. காற்றும் அலையும் சேர்ந்து இரைய, தங்கமாரி எடுத்த எடுப்பில், "யாருளா அவன்?" என்றார்.

"எவன்?"

"கப்பல்காரன் பூரா கேக்கான். பெட்டி பொய் சொல்லாதுங்கான்."

"முப்பது வருசமா நான் சொன்னது ஒண்ணையாவது நம்புனியளா? பெட்டி சொன்னது மட்டும் ஒடனே நம்பிக்கையாக்கும்!"

மறுமுனையில் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "நான் வாரேன்" என்றார்.

"வந்து?"

"வந்து பாக்கேன்."

"என்னத்த?"

"ஒன்னயத்தான்." லைன் அறுந்தது.

அன்று மாவு வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றார்கள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஊரார் வாசலில் அப்படி ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கிற கலையை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவளே சண்முகக்கனிதான். அது எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பிற்பகல் கம்பெனியிலிருந்து மிருதுளா வந்தாள். மாலை போட்ட அன்றும் வந்தவள்தான். முப்பது வயதுக்குள் இருப்பாள். காலில் செருப்புக் கடித்த தழும்பு. மூன்று இட்லி வைத்தால் இரண்டரை தின்பவள். சண்முகக்கனி இதையெல்லாம் அப்போதே குறித்து வைத்திருந்தாள்.

"அம்மா, வாழ்த்துகள்" என்றாள் மிருதுளா.

"வாழ்த்த நீயே வச்சுக்கோ. நான் யாரையும் காதலிக்கல."

"மெஷின் தப்பாச் சொல்லாதும்மா. நான் பதிவைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"அப்ப என் மூஞ்சியில எழுதிருக்கோ?"

"முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. எங்களுக்கு விரலும் நேரமும் மட்டும்தான். ஆனா விரல் போதும்." மிருதுளா தன் டேப்பைத் திருப்பிக் காட்டினாள். பக்கங்களின் மேல் ஒரு சிவப்புக் கோடு ஊர்ந்தது. "பாருங்க, சாயங்காலத்துக்கு முன்னாடி நீங்க படிக்கிறது. வரிக்கு வரி விரலை ஓட்டுறீங்க. வேகமா. கடைசி வரியைத் தாண்டியாச்சு. ஆனா பக்கத்தைத் திருப்பலை. விரல் ஓரத்துல நிக்குது. தொட்டும் தொடாம. ரொம்ப நேரம் நிக்குது. அப்புறம்தான் திருப்புறீங்க. ஒவ்வொரு பக்கமும் இப்படித்தான். தனியாப் படிக்கிறவங்க இப்படி நிக்க மாட்டாங்க."

"பொறவு?"

"பக்கத்துல ஒருத்தர் உக்காந்து மெதுவாப் படிக்கிறாங்க. அவங்க முடிக்கிறவரைக்கும் நீங்க காத்துக்கிட்டிருக்கீங்க." மிருதுளாவின் குரல் தாழ்ந்தது. "சில பக்கத்துல அவங்க முடிச்சப்புறமும் நிக்குதும்மா."

சண்முகக்கனி அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்தாள். வரிக்கு வரி விரலை ஓட்டுகிறவன் இந்தப் படிக்கட்டில் ஒருவன்தான். கரண்ட் பில்லைக்கூட விரல் வைத்துத்தான் படிப்பான். கொழும்புத் துறைமுகத்து கிரேனைத் தூத்துக்குடியில் உட்கார்ந்தபடி விரலால் இயக்குகிற வேலை; அந்தப் பழக்கம் எங்கே போகும்? கோட்டுக்கு அடியில் இருந்த கதையோ, கதாநாயகியின் அம்மா சாகக் கிடக்கிற கதை. அதைப் படிக்கிறவளும் இந்தப் படிக்கட்டில் ஒருத்திதான்.

முகத்தில் ஒன்றும் காட்டாமல், "நீ இட்லி சாப்பிட்டுட்டு இரு. மொட்ட மாடியில வத்தல் காயுது, எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தாள். வற்றல் எதுவும் அன்றைக்குக் காயவில்லை.

தண்ணீர்த் தொட்டி நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டேப். அவன் விரல் பக்கத்தின் ஓரத்தில் நின்றது. அவள் உதடு அசைய அசைய இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். சண்முகக்கனியின் நிழல் பக்கத்தின் மேல் விழுந்ததும் இருவரும் விலகிய விலகலில் டேப் கீழே விழுந்தது.

"எத்தன நாளா?" என்றாள் சண்முகக்கனி.

இசக்கிராஜ் தலையைச் சொறிந்தான். "நீங்க முறைய மாத்திக் குடுத்தியள்லா... அதுலேர்ந்து."

அதுதான் அவளைக் கொன்றது. ரோஸ்லின் வந்து பிற்பகலிலும் ஒரு முறை வேண்டும் என்று கேட்டதும், அதை இசக்கிராஜின் முறையை ஒட்டிப் போட்டுக் கொடுத்ததும், 'ஆலையில ஷிப்டு மாத்திட்டாங்க போல' என்று தானாகவே காரணம் கண்டுபிடித்ததும் சண்முகக்கனிதான். ஊரெல்லாம் அவளைக் காதலி என்று சிரித்தபோது வராத வெட்கம் இப்போது வந்தது. தன் காலடியில் இப்படி ஒன்று முளைத்து, பூத்து, அதை ஒரு பெட்டி வந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்றே!

"அப்ப நேத்துக் காலையில போட்ட சண்ட? அது நாடகமா?"

"ஐயோ, நாடகமெல்லாம் இல்லக்கா. நெசமான சண்ட" என்றாள் ரோஸ்லின் வேகமாக. "இவரு நான் எடுக்குற புஸ்தகத்தையெல்லாம் கடைசிப் பக்கம் பாத்துட்டு, சாவு இருந்தா அதப் படிக்காதங்காரு."

"எவனாவது செத்தா இவ ரெண்டு நேரம் சோறு திங்க மாட்டேங்காக்கா."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன். அதுக்குத்தான படிக்கேன். இவரு யாரு தடுக்க?"

"பாத்தியளா? நான் யாருன்னு கேக்கா!"

"சரி, நிறுத்துங்க" என்றாள் சண்முகக்கனி. "கல்யாணம் பண்ண வேண்டியதுதான? ரெண்டு பேருக்கும் என்ன, இருவது வயசா?"

ரோஸ்லின் முகம் வாடிவிட்டது. "அண்ணன் இந்த வாரம் குவைத்துலேர்ந்து வாரான். வந்ததும் எனக்குத் தனிக் கணக்குத் திறந்து ரகம் எடுக்கணும்ங்கான். பெட்டி பாத்துத்தான் அவன் கல்யாணமே பண்ணினான். வேதப் புஸ்தகத்துக்கு அடுத்து அவனுக்குப் பெட்டிதான். நான் தனியாப் படிச்சா என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? வெந்தயம். இவரு கடுகு. கடுகுக்கும் வெந்தயத்துக்கும் பெட்டி பொருத்தமே போடாதுக்கா. அறவே ஆகாதுங்கும்."

"இவுக மாதா கோயிலு, நாங்க இசக்கியம்மன் கோயிலு. அதக்கூட அவரு கேக்க மாட்டாராம்" என்றான் இசக்கிராஜ். "ரகத்தத்தான் கேப்பாராம்."

"அண்ணன மீறிப் போயேன்" என்றாள் சண்முகக்கனி, ஆழம் பார்ப்பதற்காக.

"மாட்டேன்க்கா. அப்பா போன பொறவு எனக்கு அப்பா அவன்தான். அவன் அழுதுட்டே சம்மதிக்கக் கூடாது. சந்தோசமா சம்மதிக்கணும்." சொல்லிவிட்டு ரோஸ்லின் சத்தமில்லாமல் அழுதாள். புத்தகத்துக்கு அழும்போது அவள் மூக்கைச் சிந்திச் சிந்தி ஊரைக் கூட்டுவாள். இது வேறு அழுகை. இசக்கிராஜ் கையை நீட்டி, சண்முகக்கனி நிற்பதைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கீழே மிருதுளா இரண்டரை இட்லியை முடித்திருந்தாள். டேப்பில் ஒரு பக்கம் திறந்து தயாராக இருந்தது.

"ரொம்ப எளிசும்மா. 'ஆமா, காதல்தான்'னு நீங்க உறுதி செஞ்சாப் போதும். வீட்டுக்காரர் மேலன்னு போட்டுக்கலாம். கடல்ல இருக்கிறவருக்காகக் கரையில காத்திருக்கிற பெருங்காயம். அவருக்குப் போன்ல படிச்சுக் காட்டுறீங்க, அவர் கேட்டு முடிக்கிறவரைக்கும் பக்கத்தைத் திருப்பாம இருக்கீங்க. எவ்வளவு அழகா இருக்கு! மாநிலம் பூரா விளம்பரம். சென்னையில உங்களுக்கு ஒரு வீடும் தரச் சொல்லியிருக்காங்க."

அழகாகத்தான் இருந்தது. ஒரே வார்த்தையில் எல்லாம் நேராகிவிடும். புருஷன் கப்பலில் தலை நிமிர்ந்து நடப்பார். செல்லக்கிளி வாயடைத்துப் போவாள். செல்லக்கிளி வாயடைத்த காட்சியைச் சண்முகக்கனி ஒரு கணம் நின்று நிதானமாக ரசித்தாள். அவள் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் இது. அதற்கு முன்னால் ஊர் அவளுக்குக் கொடுத்த பட்டம் வம்புக்காரி.

மாடியில் மூக்கைச் சிந்தும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

"அதுல நிக்குற விரல் என் விரல் இல்ல" என்றாள் சண்முகக்கனி. "பெருங்காயமும் நான் இல்ல."

மிருதுளா டேப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"இந்தப் படிக்கட்டுல எட்டு வீடு. எட்டும் ஒரே கணக்கு. முறை வச்சுப் பாக்கோம். விடியக்காலம் அழுறது ரெண்டாம் மாடி ரோஸ்லின். உப்பப் பத்திப் படிக்கதும் அவதான், ஆலையில அவளத் தாண்டி ஒரு மூட்ட வெளிய போவாது. கோர்ட்டுச் சண்ட பாக்கது இசக்கிராஜ். இங்க இருந்துட்டே கொழும்புல கப்பல் சரக்குப் பெட்டியத் தூக்கி வைக்கான், ஒரு பெட்டிகூட இடிச்சதில்ல. கந்தன் பெரும கேக்கது முதல் மாடி ஆறுமுகத்தம்மா. பாடுகள் பாக்கது அதுக்கு எதிர் வீட்டு டீச்சர். ரெண்டு பேரும் முறைய மாத்தி மாத்தி விட்டுக் குடுப்பாக, தவக் காலத்துல இவுக, சஷ்டியில அவுக." அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. கழுத்து நகையை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டுகிறவள் மாதிரி இருந்தாள். "முயல் பாக்கது எங்க தாசில்தார் ஐயா."

"சண்முகக்கனி!" என்று வாசலில் ஒரு அலறல். பூவலிங்கம், சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் போட்டபடி நின்றிருந்தார்.

"இருக்கட்டும் ஐயா. எல்லாருக்கும் தெரியும். நீங்க சிரிச்சா எங்களுக்கும் நல்லாத்தான் இருக்கு."

மிருதுளா டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தாள். "எனக்கும் தெரியும்மா" என்றாள். "முதல் மாசமே தெரியும். ஒரே ஆள் இப்படி விடியக்காலம் அழுது, மத்தியானம் சண்டை பிடிச்சு, சாயங்காலம் முயலுக்குச் சிரிச்சா அவங்களை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்."

"பொறவு எதுக்கு மாலைய போட்ட?"

"கண்டுபிடிச்சது நான். அதுக்காக எனக்குப் பதவி உயர்வு குடுத்தாங்க. அப்புறம் எப்படி வாயைத் திறக்கிறது?" அவள் பார்வை தரைக்குப் போனது. "அதோட நிக்கலை. ஒரு நல்ல மனசுன்னா எப்படி இருக்கணும்னு மெஷினுக்கு ஒரு அளவு வேணும். உங்க கணக்கைத்தான் அளவா வச்சாங்க. ரெண்டு வருஷமா தமிழ்நாட்டுல யாருக்குப் பொருத்தம் பார்த்தாலும் இந்தப் படிக்கட்டை வச்சுத்தான் பார்க்கிறோம்."

சண்முகக்கனிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்ப நாங்க போடுற சண்டைய அளவா வச்சுத்தான் ஊருக்கே கல்யாணம் நடக்கு?"

"ஆமாம்மா."

"ஐயா, கேட்டியளா?" என்று சண்முகக்கனி பூவலிங்கத்தைப் பார்த்தாள். அவர் முயலை மறந்து நிமிர்ந்து நின்றார். சங்கக் கூட்டத்தில்கூட அவர் அவ்வளவு நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"இந்தக் கணக்கை மூடினா எல்லாம் கலைஞ்சிடும்" என்றாள் மிருதுளா. "எத்தனை கல்யாணம், எத்தனை வேலை, யாரும் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. மூடவும் முடியாது, இப்படியே விடவும் முடியாது. நான் என்ன எழுதட்டும்?"

"கணக்குல இன்னொரு பேரு சேக்க முடியாதா?"

"ஒரே குடும்பம்னா சேக்கலாம்."

"அப்ப எட்டு வீட்டுப் பேரையும் எழுது."

"ஒரே குடும்பமாம்மா?"

"எங்க சண்டைய நீ ரெண்டு வருசமா பாத்துட்டுதான இருக்க? குடும்பம் இல்லாம எவளாவது இப்படிச் சண்ட போடுவாளா?"

மிருதுளா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "யோசிச்சுக்கோங்கம்மா. கணக்கோட ரகம் அதுல இருக்கிற எல்லாப் பேருக்கும் போகும். மாநிலத்துக்கே ஒரு பெருங்காயம்னு நீங்க இருந்தது போயிடும். சென்னை வீடும் இல்லை."

சண்முகக்கனி வெளியே போய்ப் படத்தின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்தாள். பட்டுச் சேலையில் தான் சிரிப்பதைச் சற்று நேரம் பார்த்தாள். நல்ல படம். மூக்குத்திகூட மின்னியது.

"இதுல எல்லாரையும் போட எடம் இருக்குமா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"இருக்கும்."

"அப்ப போடு. ஆனா என்னய நடுவுல போடு."

அந்த வாரமே குவைத்திலிருந்து ரோஸ்லினின் அண்ணன் ஜெரால்டு வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து தங்கையின் பெயரைப் போட்டுப் பார்த்தார். பெருங்காயம் என்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் பெருங்காயம். மூன்றாம் மாடி இசக்கிராஜ் பெயரைப் போட்டார். அதுவும் பெருங்காயம். இரண்டையும் சேர்த்துப் பொருத்தம் போட்டார். ஒரு கணக்கை அதே கணக்கோடு ஒப்பிட்டால் பெட்டி பாவம் என்ன சொல்லும்? நூற்றுக்கு நூறு என்றது. இதுவரை யாருக்கும் வராத நூறு. ஜெரால்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். சந்தோஷ அழுகைதான்; ரோஸ்லின் கேட்டபடியே. அழுகை அந்தக் குடும்பத்தில் ரத்தத்திலேயே இருக்கிறது என்று சண்முகக்கனி முடிவு செய்தாள்.

கல்யாணம் மாதா கோயிலில் ஒரு தடவையும் இசக்கியம்மன் முன்னால் ஒரு தடவையும் நடந்தது. இரண்டிலும் சண்முகக்கனி முன்வரிசை. நாத்தனார் செல்லக்கிளி பின்வரிசை.

பக்கத்து பிளாக்குகளிலும் படிக்கட்டுக்கு ஒரு கணக்கு என்று சேர ஆரம்பித்தார்கள். கம்பெனி விதியை மாற்றுவதற்குள் ஊரில் பாதிப் பேர் இன்ன ரகம் என்று சொல்ல முடியாதவர்களாகிப் போனார்கள். உலகம்மாளின் மகளை, முன்பு சேலையைத் திரும்ப வாங்கிப் போன அதே வீட்டார் மறுபடி கேட்டு வந்தார்கள். அவள் முடியாது என்று சொல்லிவிட்டு, மல்யுத்தப் பயிற்சிக்கூடம் வைத்திருக்கும் காயல்பட்டினத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். மிருதுளாவை புவனேஸ்வருக்கு மாற்றினார்கள். அங்கே யாரையோ மணந்துகொண்டாளாம். என்ன ரகம் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லையாம். பூவலிங்கம் ஐயா மகளோடு பெங்களூரில் இருக்கிறார். பேரனோடு சேர்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே முயல் பார்க்கிறார். தங்கமாரி சொன்னபடி தோணியிலிருந்து வந்தார். ஒரு வாரம் படிக்கட்டில் ஏறி இறங்கிய ஆண்பிள்ளைகளையெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கிரைண்டர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தவர், கடலுக்குத் திரும்பிப் போகவே இல்லை.

ரோஸ்லினும் இசக்கிராஜும் விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே ஆளுக்கொரு கணக்கு. பெட்டி அவளை வெந்தயம் என்கிறது, அவனைக் கடுகு என்கிறது. இரண்டையும் சேர்த்தால் அறவே ஆகாது என்று சிவப்பில் காட்டுகிறதாம். ஆகாத அந்த ஜோடிக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது உண்டாகியிருப்பது ஜெரால்டுக்கு இன்னும் தெரியாது. இசக்கிராஜுக்கேகூட நேற்றுத்தான் தெரியும். சண்முகக்கனிக்கு அதற்கு முந்தின நாளே தெரியும்.